படிப்பும் வேலையும்: ஆஜர்க் கணக்கு யார் கையில்?

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது உபாத்தியாயரின் காலை நேரத்துச் சில்லறை வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். பெயரைக் கூப்பிடுவதும், பதிலைக் கேட்பதும், கட்டத்தில் ஒரு கோடு இழுப்பதுமான இக்காரியத்தில் ராஜ்ய விவகாரம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. நிரம்ப இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். ஏழைப் பிள்ளையின் பொழுதில் எவ்வளவு அவனுக்குச் சொந்தம், எவ்வளவு பிறருக்குச் சொந்தம் என்பதற்கு எழுத்து மூலமான சாட்சி அந்த ஆஜர்ப் புத்தகம் ஒன்றுதான். நிலத்துக்குப் பட்டா எப்படியோ, படிப்புக்கு ஆஜர் அப்படி.

இப்பொழுது அந்தப் புத்தகத்துக்குப் புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. வாரத்தில் சில நாளை வகுப்பறையிலும் சில நாளை ஆலையிலும் பட்டறையிலும் கழிக்கும் மாணவர்கள் நம் நாட்டில் பெருகி வருகிறார்கள். ஐ.டி.ஐ. என்று வழங்கும் தொழிற் பயிற்சி நிலையங்களில், பாடத்தை நிலையத்திலும் கைப்பழக்கத்தைத் தொழிற்சாலையிலும் பெறும் இரட்டைப் பயிற்சி முறைக்கு 2016-இல் சர்க்கார் வழி செய்தது. கல்லூரிப் படிப்பிலும் வேலை அனுபவம் ஓர் அங்கமாகிவிட்டது. கடலூர் ஜில்லாவில் தொழில் பழக இடத்துக்குக் குறைவில்லை. கடலூருக்குத் தெற்கே சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள், நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை, நெய்வேலியில் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும், சிதம்பரத்தில் எண்ணற்ற பட்டறைகள் இருக்கின்றன. இப்படி இரண்டு இடத்தில் கால் வைத்திருக்கும் மாணவன் செவ்வாய்க்கிழமை ஆலையில் இருந்தால், அன்று பள்ளிக்கு வந்தவனா, வராதவனா?

வராதவன் என்று எழுதினால், கற்றுக்கொண்டிருந்த நாளுக்கே அவன் தண்டனை பெறுகிறான். நூற்றுக்கு இத்தனை நாள் வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்ற விதி அவன் கழுத்தில் விழுகிறது. வந்தவன் என்று எழுதினால் வேறோர் அபாயம் இருக்கிறது. ஆலையில் அன்று அவன் யந்திரத்தின் நுட்பத்தைக் கற்றானா, மூட்டை சுமந்தானா என்பது ஒருவருக்கும் தெரியாது. மூட்டை சுமந்த எட்டு மணி நேரம் கல்வி என்ற பெயரில் சர்க்கார் கணக்கில் ஏறிவிடும். முதற் பிழை மாணவனுக்கு அநீதி. இரண்டாவது பிழை கல்விக்கே அநீதி. இவ்விரண்டுக்கும் நடுவே நேரான வழி எது என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

நாளைப் போவார்

வேலைக்கும் விருப்பத்துக்கும் நடந்த வழக்கைச் சிதம்பரத்தைவிட நன்கறிந்த ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லி ஏங்கிய நந்தனாருக்குச் சேக்கிழார் தந்த பெயர் திருநாளைப்போவார். அந்த 'நாளை'க்குப் பண்ணையாரைக் காரணமாக்கிப் பாடியவர் 19-ஆம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதியார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று அவர் கதையில் எஜமானன் கட்டளையிடுகிறான். வேலை முடிந்தால்தான் விடுதலை, வேலையோ முடிவதில்லை. தமிழ்நாட்டுக் குடியானவன் வீட்டுப் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ தலைமுறை நாளைப் போவாராகவே இருந்தான்.

அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளைப் பண்ணை வேலையிலிருந்து மீட்டுப் பாடம் சொல்லிக் கொடுப்பது அந்தப் பணியின் உயிர்நாடி. பள்ளிக்கூடம் என்ற கட்டடம் இருந்தால் மட்டும் போதாது, பிள்ளை அங்கே வந்து உட்கார அவனுக்குப் பொழுது வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆஜர்ப் புத்தகத்தின் பொருளும் அதுவே. எஜமானன் கட்டளைக்கும் குடும்பத்தின் வறுமைக்கும் எதிராக இந்தப் பொழுது பிள்ளையினுடையது என்று சொல்லும் எழுத்து அது. ஆகவே வேலை நேரத்தையும் அந்தப் புத்தகத்தில் சேர்க்கலாம் என்று எவர் வந்து சொன்னாலும், ஏழை மக்களின் ஊழியர்கள் முதலில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது நியாயமே.

சிலுவைக் குறியிட்ட அத்தாட்சி

இந்தப் பிரச்னையை முதலில் பெரிய அளவில் சந்தித்த தேசம் இங்கிலாந்து. அங்கே 1833-இல் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் வேலை செய்யும் 9 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்கு இரண்டு மணி நேரம் பள்ளிக்குப் போக வேண்டும் என்றது. போனதற்கு அத்தாட்சிச் சீட்டு இல்லாத பிள்ளையை முதலாளி வேலைக்கு வைக்கக் கூடாது. சட்டம் கேட்டது சீட்டை. முதலாளிகளும் சீட்டைக் கொண்டு வந்தார்கள். ஆலைக்குள்ளேயே ஏதோ ஒரு மூலையில் பள்ளிக்கூடம் என்று ஒன்றை வைத்து, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களையும் உபாத்தியாயராக்கினார்கள். அவர்கள் அத்தாட்சியில் சிலுவைக் குறி இட்டார்கள். எழுதத் தெரியாதவர், இந்தப் பிள்ளைக்கு எழுதக் கற்பித்தேன் என்று சாட்சி சொன்ன விநோதம் அது. 1844-இல் வந்த திருத்தச் சட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாக உயர்த்தி, சீட்டை உபாத்தியாயரே தம் கைப்பட நிரப்ப வேண்டும் என்று விதித்தது. பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளி என்ற அந்த ஏற்பாட்டை ஒழிக்க 1918-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் வர வேண்டியிருந்தது.

மணியை மட்டும் எண்ணுகிற சட்டத்தை ஏமாற்றுவது எளிது என்பதே இதிலிருந்து நாம் அறிவது. கற்பித்தவர் யார், கற்பித்தது என்ன என்று கேட்காத ஆஜர், சிலுவைக் குறியிட்ட சீட்டுக்குச் சமானம்.

வார்தாவும் சென்னையும்

வேலையும் படிப்பும் சேரக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் காந்தியடிகளின் போதனையைப் புறக்கணித்தவர்களாவோம். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலின் மூலமே கல்வி என்ற கொள்கையை வைத்தார். அதைத் திட்டமாக வகுத்த ஜாகிர் ஹுசேன் கமிட்டி, நாளுக்கு 5 மணி 30 நிமிஷம் பள்ளி என்றும், அதில் 3 மணி 20 நிமிஷம் கைத்தொழில் என்றும், வருஷத்துக்கு 288 நாள் வேலை நாள் என்றும் கணக்கிட்டது. பாதிக்கு மேற்பட்ட நேரம் ராட்டையிலும் தறியிலும் தோட்டத்திலும் கழிகிறது. ஆனால் அந்த நேரம் முழுவதும் பள்ளியின் கண்பார்வையில் கழிகிறது. நூலின் நீளத்தை அளக்கும்போது கணக்கும், பருத்தி விளைந்த கதையைக் கேட்கும்போது பூகோளமும் சொல்ல ஓர் உபாத்தியாயர் பக்கத்தில் இருக்கிறார். அங்கே கைத்தொழில் நேரத்தை ஆஜராக எண்ணுவதில் எந்தப் பொய்யும் இல்லை.

1953-இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜியின் மந்திரிசபை கிராமப் பகுதிகளில் புகுத்திய ஆரம்பக் கல்வித் திட்டத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து மணி நேரப் பள்ளி, பிள்ளைக்கு மூன்று மணியாயிற்று. ஒரே உபாத்தியாயர் இரண்டு வேளையும் வெவ்வேறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். மீதிப் பொழுதில் பிள்ளை தகப்பனுடைய தொழிலை வீட்டிலேயே பழக வேண்டும். பெண் பிள்ளைகள் தாயிடம் வீட்டு வேலை பழக வேண்டும். இருக்கிற கட்டடத்தையும் உபாத்தியாயர்களையும் கொண்டே மேலும் பல பிள்ளைகளுக்குப் படிப்புத் தரலாம் என்ற அதன் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. பணமில்லாத சர்க்காருக்கு அது உண்மையான கஷ்டம். பரூலேக்கர் தலைமையில் ஆராய்ந்த நிபுணர் கமிட்டியும் திட்டத்தைப் பொதுவில் ஆமோதித்தது. ஆனால் ஜனங்கள் ஆமோதிக்கவில்லை. 'குலக் கல்வி' என்ற பெயர் அதன்மீது விழுந்தது. 1954 ஏப்ரலில் காமராஜ் முதல் மந்திரியானார். மே மாதத்தில் கல்வி மந்திரி சி. சுப்பிரமணியம் திட்டத்தைக் கைவிட்டதாக அறிவித்தார்.

ஜாதியைப் பற்றிய ஆக்ஷேபமே அன்று பெரிதாகக் கேட்டது, கேட்டதும் நியாயம். பிறப்பினால் வந்த தொழிலைப் பாடத்திட்டமாக்குவது, நாவிதன் மகனுக்குக் கத்தியையும் குயவன் மகனுக்குச் சக்கரத்தையும் முன்கூட்டியே எழுதி வைப்பதாகும். அதோடு சேர்ந்த இன்னொரு குறையையும் நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். வீட்டில் கழிந்த அந்தப் பொழுதுக்குப் பொறுப்பாளி யார்? சர்க்காரின் உபாத்தியாயர் அங்கில்லை. தகப்பனுக்கோ அன்றன்றைய கூலியே பெரும்பாடு. காலையில் தாயோடு களையெடுத்த பெண் கற்றாள் என்று சொல்ல எவராலும் இயலாது. வார்தாவில் தொழிலைக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் கடமைப்பட்டிருந்தது. சென்னையில் பாதி நாளின் கடமையிலிருந்து பள்ளிக்கூடம் விலகிக்கொண்டது. பெயரளவில் இரண்டும் தொழிற்கல்விதான். ஆஜர்க் கணக்கில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வெகு தூரம்.

பதினான்குக்கு முன்னும் பின்னும்

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருஷத்தில் 200 வேலை நாட்களும் 800 பாட மணிகளும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களும் 1000 மணிகளும் விதிக்கிறது. இந்த மணிகளில் ஒன்றைக்கூட வீட்டு வேலைக்கோ வயல் வேலைக்கோ ஈடு கட்டக் கூடாது. ஆனால் 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வீடுகளையும், கடலூர்க் கடற்கரைக் குப்பங்களையும், புவனகிரித் தறிகளையும் அறிந்தவர்களுக்கு, உதவி எங்கே முடிந்து வேலை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியும். அந்தக் கோட்டைக் கிழிக்கவல்லது பள்ளியின் ஆஜர்ப் புத்தகந்தான். அது பொய்யில்லாமல் எழுதப்பட்டால், பருவ காலத்தில் எந்தெந்தப் பிள்ளை காணாமற்போகிறான் என்பதை அதன் ஏடுகளே சொல்லும்.

பதினான்கு வயதுக்கு மேற்பட்ட தொழிற் பழகுநர்கள் விஷயம் வேறு. இவர்களுக்காகவே 1961-இல் தொழிற் பழகுநர் சட்டம் செய்யப்பட்டது. அதன் 10-ஆவது பிரிவு, பழகுநன் வகுப்பில் பாடம் கேட்கும் நேரத்தையும் சம்பளத்துக்குரிய வேலை நேரமாகவே கொள்ள வேண்டும் என்கிறது. 19-ஆவது பிரிவு, ஒவ்வொரு பழகுநனுடைய பயிற்சி முன்னேற்றத்தையும் முதலாளி பதிவு செய்து வைக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிகள். ஆனால் 18-ஆவது பிரிவின்படி பழகுநன் மாணாக்கனே ஒழியத் தொழிலாளி அல்ல. ஆகவே தொழிலாளர் சட்டங்களின் முழுப் பாதுகாப்பை அவன் கேட்க முடியாது. 2014-இல் செய்த திருத்தமோ நாளுக்கும் வாரத்துக்கும் எத்தனை மணி வேலை என்பதை முதலாளியே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டது. அபாயமான தொழில்களில் 18 வயது நிரம்பாதவரைப் பழகுநராகச் சேர்க்கக் கூடாது என்ற விதியை அதே திருத்தம் தந்தது. ரசாயனத் தொழிற்சாலைகள் சூழ்ந்த கடலூர்க்காரர்கள் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மாணாக்கன் என்பதால் தொழிலாளியின் உரிமை இல்லை. ஆலையில் இருப்பதால் மாணாக்கனின் பாடமும் இல்லை. இந்த இரட்டை நஷ்டம் வெறும் கற்பனையன்று. சுமங்கலித் திட்டம் என்ற பெயரை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ஏழை வீட்டு இளம்பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்து, முடிவில் கலியாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். ஆலைக் கணக்கில் அவர்களில் பலருடைய பெயர் பழகுநர். பஞ்சாலை வேலையைப் பழகுவதற்கு மூன்று வருஷமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பழகுநர் என்ற சொல் குறைந்த கூலிக்கு மறைப்பாக நின்றது.

2023-இல் இந்திய சர்க்கார் வெளியிட்ட தேசிய மதிப்பலகு ஏற்பாடு, வகுப்பறையிலோ பட்டறையிலோ கழித்த 30 மணிக்கு ஒரு மதிப்பலகு என்றும், வருஷத்துக்கு 1200 மணிக்கு 40 மதிப்பலகு என்றும் கணக்குச் சொல்கிறது. மதிப்பீடு செய்த பிறகே அலகு தரப்படும் என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது. பட்டறை அறிவுக்கும் படிப்பு என்ற கௌரவம் கிடைப்பதை நாம் வரவேற்கிறோம். கைவேலை செய்பவன் படிக்காதவன் என்ற பழைய அகம்பாவம் ஒழிய இது உதவும். ஆயினும் அந்த நிபந்தனை ஏட்டளவில் நின்றுவிட்டால், 30 மணி மூட்டை சுமந்தவனுக்கும் ஓர் அலகு கிடைத்துவிடும். அப்பொழுது 1833-ஆம் வருஷத்துச் சிலுவைக் குறி நம் ஊரில் மறுபிறவி எடுக்கும்.

நாம் கேட்பது

ஜெர்மனியில் தொழிற் பழகுநர் முறை நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. 1969-இல் இயற்றிய தொழிற்பயிற்சிச் சட்டப்படி, தொழிற்பள்ளி நாட்களில் பழகுநனை முதலாளி விடுவிக்க வேண்டும். அதற்காகக் கூலியைக் குறைக்கக் கூடாது. பழகுநன் தன் கையாலேயே ஒரு குறிப்பேடு எழுதி வருகிறான். எந்த நாளில் என்ன வேலை செய்தான், என்ன கற்றான் என்பது அதில் இருக்கும். கற்பித்தவர் அதைப் பார்த்து ஒப்பமிட வேண்டும். அந்தக் குறிப்பேடு இல்லாதவன் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. நம் சட்டத்திலும் பதிவு உண்டு. ஆனால் அதை எழுதும் பேனா முதலாளியிடம் இருக்கிறது. பழகுநனுக்கும் ஒரு பேனா வேண்டும் என்பதே நம் முக்கியமான கோரிக்கை.

இதை விவரமாகச் சொல்கிறோம். முதலாவது, வேலை இடத்தில் கழிந்த நாளை ஆஜராக எழுத வேண்டுமானால், அன்று கற்பித்தவரின் பெயரும் அவர் கையெழுத்தும் வேண்டும். ஆலையின் வாயிலில் விரல் ரேகை வைத்த நேரம் போதாது. இரண்டாவது, அன்று பழகிய வேலை இன்னதென்று மாணவன் தன் வார்த்தையில், தமிழில், இரண்டு வரியாவது எழுத வேண்டும். ஒரு மாதம் முழுவதும் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், பயிற்சி நின்று கூலி வேலை தொடங்கிவிட்டது என்று அறியலாம். மூன்றாவது, அந்தப் புத்தகம் மாணவனிடம் இருக்க வேண்டும்; அதன் பிரதி பள்ளியிலும் ஆலையிலும் இருக்கலாம். நான்காவது, ஆலையில் வேலை அதிகம் என்று சொல்லி முதலாளி அவனை வகுப்புக்கு அனுப்பாத நாளை, மாணவன் வராத நாளாக எழுதாமல் முதலாளி தவறிய நாளாகத் தனியே எழுத வேண்டும். நந்தனார் தில்லைக்குப் போகாத நாட்களை நந்தனார் கணக்கில் எழுதுவது நியாயமாகாதல்லவா?

இதெல்லாம் காகித வேலையைப் பெருக்கும் என்று சிலர் ஆக்ஷேபிப்பார்கள். உபாத்தியாயர்களுக்கு ஏற்கெனவே எழுத்து வேலை மிகுதி என்பது மெய். ஆனால் நாம் கேட்கும் இரண்டு வரியை எழுதப்போகிறவன் மாணவன். கையெழுத்திட அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் இல்லாத இடத்தில் கற்பிக்கவும் நேரம் இராது.

கெடுபிடி செய்தால் முதலாளிகள் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளவே மறுப்பார்கள் என்பது இன்னோர் ஆக்ஷேபம். இது அற்பமான ஆக்ஷேபமன்று. பட்டறைக்குள் நுழையாமல் தொழிலறிவு வராது. கதவை அடைத்துவிட்டால் நஷ்டம் நம் பிள்ளைகளுக்கே. ஆயினும் நேர்மையாகக் கற்பிக்கும் முதலாளிக்கு இந்தப் புத்தகத்தால் ஒரு குறையும் வராது. சின்னப் பட்டறைக்காரர்களுக்கு எழுத்து வேலை பாரம் என்றால், அருகிலுள்ள ஐ.டி.ஐ. உபாத்தியாயர் வாரம் ஒருமுறை நேரில் வந்து பார்த்து எழுதிக்கொடுக்கலாம். அந்த வருகையே மாணவனுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கும். கற்பிக்க மனமில்லாமல் கைகளை மட்டும் கேட்பவர், கூலி கொடுத்துத் தொழிலாளியை வைத்துக்கொள்ளட்டும். அதுதான் யோக்கியமான வியாபாரம்.

சட்டசபையில் புதிய மசோதா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 10-ஆவது பிரிவும் 19-ஆவது பிரிவும் இன்றே அமலில் இருக்கின்றன. கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள ஊழியர்கள் தங்கள் தெருவில் ஆலைக்குப் பழகப் போகும் பிள்ளைகள் யார் யார் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் பெற்றோரைக் கூட்டி, பயிற்சிப் பதிவை ஆலையில் கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். வகுப்புக்குப் போன நாளில் கூலி குறைத்தார்களா என்று விசாரிக்க வேண்டும். ரசாயனத் தொழிற்சாலைக்குள் 18 வயது ஆகாதவர் பழகுநராகப் போகிறாரா என்று பார்க்க வேண்டும். பள்ளிகளில் முந்திரிப் பருவத்திலும் அறுவடையிலும் ஆஜர் எப்படி இருக்கிறது என்று தலைமை உபாத்தியாயரைக் கேட்க வேண்டும். பெண் பிள்ளைகளின் பெயருக்கு நேரே உள்ள கட்டங்களைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். வீட்டு வேலைக்காக நிற்கும் பெண்ணை எந்தக் கணக்கும் கண்டுகொள்வதில்லை.

மேடைப் பேச்சைவிட இது பெருமை குறைந்த வேலைதான். ஆனால் 1953-இல் பாதி நாளை இழக்கவிருந்த பிள்ளைகளுக்காக இந்த நாடு விழித்துக்கொண்டது. இன்று அந்தப் பொழுது ஒவ்வொரு கட்டமாக, ஒவ்வொரு கையெழுத்தாகப் போகக்கூடும். அப்படிப் போவதைத் தடுக்க, அந்தக் கட்டங்களைப் படித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது வேண்டும்.